மயேடா அட்சுகோவின் தனிப்பாடல் எம்.வி.க்கள்: எந்தப் பதிப்பில் முழுசாக இருக்கிறது? டிவிடியில் சீப்புப் பல் மாதிரி கோடு ஏன்?

பனிமலர்

வணக்கம். ஏ.கே.பி.48 என்ற ஜப்பானியப் பெண்கள் பாப் குழுவை விட்டு வெளியே வந்த பிறகு மயேடா அட்சுகோ தனியாகப் பாடிய பாடல்களின் எம்.வி.க்களை (இசை வீடியோக்களை) வரிசையாக, முழு நீளத்தில் பார்க்க வேண்டும். யூடியூபில் கிடைப்பவற்றில் பல, முதல் பல்லவி முடிந்ததும் மங்கி மறைந்துவிடுகின்றன. ஜப்பானியக் கடைப் பக்கங்களுக்குப் போனால் ஒரே சிங்கிளுக்கு (ஓரிரு பாடல்கள் மட்டும் கொண்ட சிறு வெளியீட்டுக்கு) மூன்று நான்கு பதிப்புகள் கிடக்கின்றன. எதில் வீடியோ இருக்கிறது, எதில் வெறும் பாட்டு மட்டும் என்று பிரித்தறிய முடியவில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஜப்பானிய டிவிடி ஒன்றை விஎல்சி என்ற வீடியோ மென்பொருளில் ஓட்டினால், முகம் அசையாமல் இருக்கும்போது படம் அருமை. கையை வீசினாலோ திரும்பினாலோ ஓரம் முழுக்கச் சீப்புப் பல் போலக் கிடைக்கோடுகள். வட்டில் கீறல் எதுவும் இல்லை. வட்டு பழுதா, மென்பொருள் பழுதா?


குறுந்தட்டு

முதல்ல ஒரு திருத்தம். நாலு சிங்கிள்ல முதல் இரண்டும் அவங்க குழுவில் இருக்கும்போதே வந்தவை. "ஃப்ளவர்" 2011 ஜூன் 22, "கிமி வா போக்கு தா" 2012 ஜூன் 20. ஆக்கிஹாபரா தியேட்டரில் விடைபெற்றது 2012 ஆகஸ்ட் 27. அதுக்கப்புறம் வந்தவை "டைம் மெஷின் நாந்தே இரானாய்" (2013 செப்டம்பர் 18), "செவன்த் கோட்" (2014 மார்ச் 5). "செல்ஃபிஷ்" ஆல்பம் 2016 ஜூன் 22. முதல் சிங்கிள் வந்த அதே தேதி, சரியா அஞ்சு வருஷம் கழிச்சு. எல்லாமே கிங் ரெக்கார்ட்ஸ் நிறுவன வெளியீடு. இந்த வரிசையிலேயே பாருங்க. குழுவின் நடுவில் நின்ற பெண் மெல்ல மெல்ல நடிகையா மாறுறது அப்போதான் தெரியும். "ஃப்ளவர்" அவங்க நடிச்ச படத்தின் பாட்டு, "டைம் மெஷின்" ஃபுஜி டிவி தொடரின் பாட்டு, "செவன்த் கோட்" படமாவே ஆயிடுச்சு.

இப்போ பதிப்புகள். அட்டைப்படத்தைப் பார்த்து வாங்காதீங்க, பட்டியல் எண்ணை, அதாவது நிறுவனம் ஒவ்வொரு பதிப்புக்கும் கொடுக்கிற எண்ணைப் பாருங்க. கிங் ரெக்கார்ட்ஸின் ஏ.கே.பி. வகை சிங்கிள்களில் கே.ஐ.இஸட்.எம். என்று எண் தொடங்கினா சிடியோடு டிவிடியும் உண்டு. கே.ஐ.சி.எம். என்றால் சிடி மட்டும். என்.எம்.ஏ.எக்ஸ். என்றால் அது கெகிஜோ-பான், அதாவது தியேட்டர் பதிப்பு. ரசிகர்கள் பாடகிகளோட கைகுலுக்கும் நிகழ்ச்சிக்கான சீட்டுக்காக வாங்கப்படுவது அது. அதில் டிவிடி கிடையாது. பழைய பொருள் கடைகளில் மலிவாக் குவிஞ்சு கிடக்கிறது பெரும்பாலும் இதுதான். சீட்டை உருவிக்கிட்டுத் தட்டை விற்றுடுவாங்க. மலிவா இருக்கேன்னு எடுத்தா எம்.வி. இல்லாமப் போகும், இதுதான் புதுசா வாங்குறவங்க அதிகம் செய்யற தப்பு.

எண்ணின் வால் பகுதியையும் கவனிங்க. கடைசியில் ஒரு சாய்கோடும் அடுத்த எண்ணும் இருந்தா (உதாரணமா 100/1) உள்ளே இரண்டு தட்டு இருக்குன்னு அர்த்தம். 100 சிடி, 101 டிவிடி. விளம்பரத்தில் "தட்டு நல்ல நிலையில்"னு ஒருமையில் போட்டு ஒரே தட்டின் படம் வச்சிருந்தா டிவிடி இருக்கான்னு கேட்ட பிறகே வாங்குங்க.

விலையை வைத்தும் ஊகிக்கலாம். 2014 மார்ச் வரை டிவிடியோடு வந்த ஏ.கே.பி. சிங்கிளின் உறை விலை வரியோடு 1,600 யென், தியேட்டர் பதிப்பு 1,000 யென். 2014 ஏப்ரலில் நுகர்வு வரி 5-லிருந்து 8 சதவீதமானதும் 1,600 என்பது 1,646 ஆச்சு.

அடுத்து, ஷோகாய் கென்தெய்-பான் என்றால் முதல் அச்சு வரையறைப் பதிப்பு, த்ஸூஜோ-பான் என்றால் வழக்கமான பதிப்பு. வேறு பல நிறுவனங்களில் டிவிடி முன்னதில் மட்டும்தான் வரும். ஏ.கே.பி. சார்ந்த வெளியீடுகளில் டைப்-ஏ, டைப்-பி என்று பிரிவதுதான் முக்கியம். தலைப்புப் பாடலின் எம்.வி. பொதுவா எல்லா டைப்பிலும் இருக்கும், துணைப் பாடலின் எம்.வி.தான் டைப்புக்கு டைப் மாறும். கடைப் பக்கத்தில் ஷூரோகு நாய்யோ, அதாவது உள்ளடக்கம், என்ற பகுதியில் டிவிடிக்குத் தனிப்பட்டியல் போட்டிருப்பாங்க. அதை மட்டும் மொழிபெயர்ப்புச் செயலியில் ஒட்டிப் பார்த்தாலே போதும்.

வாடகைக் கடையிலிருந்து கழிச்சு விற்கப்படும் பிரதிகளைத் தொடவே வேண்டாம். வாடகைக்குப் போறது சிடி மட்டும்தான், டிவிடி அதில் சேராது.


ஒலிநாடா

வட்டிலும் பழுதில்லை, விஎல்சியிலும் பழுதில்லை. ஜப்பானிய டிவிடி என்.டி.எஸ்.சி. முறை: 720×480 புள்ளிகள், நொடிக்கு 29.97 சட்டங்கள். ஒவ்வொரு சட்டமும் இரண்டு அரைப்படங்களால் ஆனது. ஒன்றில் ஒற்றைப்படை வரிகள், மற்றதில் இரட்டைப்படை வரிகள். இரண்டும் வெவ்வேறு கணத்தில் பிடிக்கப்பட்டவை. குழாய்த் தொலைக்காட்சி அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக வரைந்தது. கணினித் திரை இரண்டையும் ஒரே நேரத்தில் கோத்துக் காட்டுகிறது. அசையாத முகத்தில் வேறுபாடு இல்லை. வீசிய கையோ அந்த இரு கணங்களுக்கிடையில் நகர்ந்துவிட்டதால் வரிக்கு வரி விலகி நிற்கிறது. நீங்கள் பார்க்கும் சீப்புப் பல் அதுதான்.

ஆனால் எல்லா எம்.வி.யும் ஒரே வகை அல்ல. தீர்வும் அதற்கேற்ப மாறும், எனவே முதலில் வகையைக் கண்டுபிடியுங்கள். விஎல்சியின் வீடியோ மெனுவில் டீஇன்டர்லேஸ் (அரைப்படங்களைப் பிரித்துப் பல்லை நீக்கும் வசதி) என்பதை ஆஃப் செய்யுங்கள். நடனத்தில் அவர் தொடர்ந்து நகரும், இடையில் வெட்டு இல்லாத ஒரு துண்டில் நிறுத்தி, ஈ விசையை ஒவ்வொரு முறையாக அழுத்துங்கள். ஒரு அழுத்தலுக்கு ஒரு சட்டம் நகரும். பத்துச் சட்டங்களாவது எண்ணுங்கள்.

பத்திலும் பல் தெரிந்தால் அது நொடிக்கு 60 அரைப்படங்களாகப் பிடித்த வீடியோ. படப்பிடிப்புக் காட்சிகளைத் தொகுக்கும் மேக்கிங் பகுதிகள் பெரும்பாலும் இப்படி இருக்கும். டீஇன்டர்லேஸை ஆன் செய்து, முறையாக யாடிஃப் 2எக்ஸ் வையுங்கள்.

மூன்று சட்டம் சுத்தம், இரண்டு சட்டம் பல், மறுபடி மூன்று, இரண்டு என்று வந்தால் அது நொடிக்கு 24 சட்டத்தில் பிடித்து, என்.டி.எஸ்.சி.க்காக விரிக்கப்பட்டது. நான்கு சட்டங்களைப் பத்து அரைப்படங்களாகப் பிரித்து ஐந்து சட்டங்களில் அடுக்குவார்கள், அதில் இரண்டு சட்டங்கள் கலப்படமாகிவிடும். இதற்கு ஃபிலிம் என்.டி.எஸ்.சி. ஐ.வி.டி.சி. என்ற முறையைத் தேர்ந்தெடுங்கள். கலந்ததைப் பிரித்து மூலச் சட்டத்தை மீட்டுத் தரும்.

எங்குமே பல் இல்லையென்றால் எதையும் தொடாதீர்கள். தேவையில்லாமல் டீஇன்டர்லேஸ் செய்தால் தலைமுடி போன்ற மெல்லிய கோடுகள் நடுங்கத் தொடங்கும்.

முறையை மாற்றியும் எதுவும் மாறவில்லை என்றால் வன்பொருள் வழி டீகோடிங் (வீடியோவை விரிக்கும் வேலையை வரைகலை அட்டையிடம் விடுவது) குறுக்கே நிற்கிறது. முன்னுரிமைகள், இன்புட் மற்றும் கோடெக் பகுதியில் அதை முடக்கிவிட்டு மீண்டும் ஓட்டுங்கள்.

தட்டைப் பிரதியெடுத்து மாற்றிக்கொள்ளச் சொல்லவில்லை, காரணம் உண்டு. 2012 அக்டோபர் 1 முதல் டிவிடியின் பாதுகாப்பை உடைத்துப் பிரதியெடுப்பது சொந்த உபயோகத்துக்கானாலும் ஜப்பானில் சட்டவிரோதம் (தனிப்பட்ட பிரதிக்குத் தண்டனை இல்லை என்றாலும்). ஓட்டும்போதே சரிசெய்வது தரத்திலும் குறைந்ததல்ல.

டிவிடி எந்த நாடுகளின் கருவிகளில் ஓடும் என்பதைக் கட்டுப்படுத்தும் மண்டலக் குறியையும் மனதில் வையுங்கள். ஜப்பானிய டிவிடி மண்டலம் 2. கணினியின் டிவிடி டிரைவ் தன் மண்டலத்தை ஐந்து முறை மட்டுமே மாற்ற விடும். ஐந்தாவதுடன் அப்படியே பூட்டிக்கொள்ளும். ஜப்பானிய வட்டுகளை அடிக்கடி பார்ப்பீர்கள் என்றால் தனியாக ஒரு யுஎஸ்பி டிரைவை மண்டலம் 2-இல் வைத்துவிடுவது உத்தமம்.


பனிமலர்

இருவருக்கும் நன்றி. எண்ணிப் பார்த்தேன்: மூன்று சுத்தம், இரண்டு பல். ஐ.வி.டி.சி. வைத்ததும் நீளமான துண்டுகள் கண்ணாடி போல ஆகிவிட்டன. ஆனால் வேகமாக வெட்டும் பல்லவிப் பகுதியில் ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் கண நேரம் பல் எட்டிப் பார்க்கிறது. இது என்ன?


ஒலிநாடா

அது படத்தொகுப்பின் தழும்பு. 24 சட்டத்தில் பிடித்ததை முதலில் 29.97-ஆக விரித்துவிட்டு, அதன்மேல் வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு வெட்டிலும் மூன்று–இரண்டு தாளம் எந்த இடத்திலிருந்து வேண்டுமானாலும் தொடங்கும். வடிகட்டி புதிய தாளத்தைப் பிடிக்கச் சில சட்டங்கள் எடுக்கும், அந்த இடைவெளியில்தான் பல் தெரிகிறது. திரைப்படத்தில் ஒரு துண்டு பல நொடி நிற்பதால் கண்ணுக்குப் படாது. பாப் எம்.வி.யில் நொடிக்கொரு வெட்டு விழுந்தால் வடிகட்டி தாளம் பிடிப்பதற்குள் அடுத்த வெட்டு வந்துவிடும். ஒரு காட்சி மங்கி இன்னொன்று எழும் இடங்களில் இரண்டு தாளங்கள் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும். அங்கே எந்த வடிகட்டியாலும் முழுதாகப் பிரிக்க முடியாது.

ஆகவே வேகமான எம்.வி.க்கு யாடிஃப் 2எக்ஸ் போதும். அசைவில் லேசான திக்கல் இருக்கும், பல் இருக்காது. நிதானமான, கதை சொல்லும் எம்.வி.க்கு ஐ.வி.டி.சி.

ஒலியையும் ஒருமுறை பாருங்கள். கோடெக் தகவலில் 48 கிலோஹெர்ட்ஸ் பி.சி.எம். என்றிருந்தால் சுருக்கப்படாத ஒலி. டிவிடியின் படம் 480 வரி மட்டுமே, யூடியூபின் அதிகாரபூர்வப் பிரதி 1080 வரியில் இருக்கலாம். படக்கூர்மைக்கு அது, முழு நீளத்துக்கும் ஒலிக்கும் தட்டு. இரண்டும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல.


நிலாமுற்றம்

தொழில்நுட்பத்தை அண்ணன் ஒலிநாடா முடித்துவிட்டார். எதைக் கவனித்துப் பார்ப்பது என்று கொஞ்சம் சொல்கிறேன், ஏனெனில் தனிப்பாடல் எம்.வி.யின் இலக்கணமே வேறு.

குழு எம்.வி.யில் தொகுப்பாளருக்குப் போக்கிடம் நிறைய. ஒரு முகம் சலித்தால் பக்கத்து முகத்துக்குத் தாவலாம். பதினாறு பேர் இருந்தால் யாருக்கும் சில நொடிகளுக்கு மேல் கிடைக்காது, ரசிகர்கள் தத்தம் முகத்துக்காகக் காத்திருப்பார்கள். தனிப்பாடலில் தாவிப் போக ஆளில்லை. எனவே ஒரே ஆளை மூன்று ஆளாக்குவார்கள்: ஆடும் உடையில் ஒருமுறை, நிலைத்து நின்று பாடும் உடையில் ஒருமுறை, பாத்திரமாக நடிக்கும் உடையில் ஒருமுறை. பாட்டு முழுக்க மூன்று முறையும் பிடித்து ஒன்றோடொன்று பின்னுவார்கள். அடுத்த முறை பார்க்கும்போது உடையை மட்டும் பின்தொடருங்கள். எந்த உடை எந்த வரியில் வருகிறது என்று எழுதிப் பார்த்தால் இயக்குநர் பாட்டை எப்படிப் பிரித்துப் படித்தார் என்பது வெளிச்சமாகிவிடும்.

ஒரு சிறு விஷயத்தை நெருங்கிப் பாருங்கள். முடி காற்றில் மிதந்து மெதுவாக இறங்கும், தோடு நீருக்குள் ஆடுவது போல ஆடும், ஆனால் உதடு மட்டும் பாட்டோடு அச்சுப் பிசகாமல் பொருந்தும். இது கணினி வித்தை அல்ல. படப்பிடிப்பில் பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஒலிக்கவிட்டு, கேமராவை நொடிக்கு 48 சட்டத்தில் ஓட்டுவார்கள். பாடுபவர் அந்தக் கிறீச்சுக் குரலுக்கு ஈடுகொடுத்து உதட்டை அசைக்க வேண்டும். பிறகு 24 சட்டத்தில் ஓட்டினால் உதடு சரியான வேகத்துக்கு வந்துவிடும். முடி, துணி, இமை எல்லாம் பாதி வேகத்தில் நகரும். ஒன்றரை மடங்கு வேகம் என்றால் 36 சட்டம். கண்டுபிடிக்க எளிய வழி இமைதான். கண்சிமிட்டல் கனவில் நடப்பது போல நீண்டால் அந்தத் துண்டு இப்படிப் பிடிக்கப்பட்டது. ஒரே ஒரு முகம் முழுச் சுமையையும் தாங்குகிற தனிப்பாடலில் இந்த உத்தி நன்றாகவே எடுபடுகிறது. பாடுபவர் வேகத்தைத் தவறவிட்டால் உதடு சொற்களின் முடிவில் மூடாமல் திறந்தபடி நிற்கும், அதுவும் கண்ணில் படும்.

"செவன்த் கோட்" பற்றி ஒரு சொல் கூடுதலாக. இந்தப் பாட்டோடு பிறந்த திரைப்படம் ஒன்று உண்டு, 60 நிமிடம், ரஷ்யாவின் விளாடிவஸ்தோக்கில் எடுக்கப்பட்டது, இயக்கம் குரோசவா கியோஷி. புகழ்பெற்ற இயக்குநர் அகிரா குரோசவாவுக்கு இவர் உறவினர் அல்ல. 2013 நவம்பரில் ரோம் திரைப்பட விழாவில் இவருக்குச் சிறந்த இயக்குநர் விருது கிடைத்தது. ஒரு பாப் பாடகியின் சிங்கிளை ஒட்டி எடுத்த படத்துக்கு இப்படி ஒரு மரியாதை அபூர்வம். முழுப் படத்தையும் முதலில் பாருங்கள், பிறகு எம்.வி. ஒரு மனிதனைத் தேடி அந்நிய ஊரில் அலைகிற பெண்ணாக மயேடா அதில் நடக்கிற நடை, "ஃப்ளவர்" காலத்து மேடை நடையிலிருந்து எவ்வளவு தூரம் வந்துவிட்டது என்பதை அப்போதுதான் முழுசாக உணர முடியும். என் கணக்கில் நான்கு சிங்கிள்களில் இதுவே உச்சம்.


குறுந்தட்டு

நிலாமுற்றம் சொன்ன மூன்று உடை விஷயத்துக்கு நல்ல பயிற்சிக் களம் ஹலோ! ப்ராஜெக்ட், அதாவது மார்னிங் முசுமே போன்ற பெண்கள் பாப் குழுக்களின் கூட்டமைப்பு. மார்னிங் முசுமேயில் இருந்துகொண்டே கோட்டோ மாகி 2001 மார்ச் 28-இல் "ஐ நோ பக்கயாரோ" பாட்டோடு தனியா வந்தாங்க, ஜப்பானின் ஓரிகான் வார விற்பனைப் பட்டியலில் முதலிடம். அங்கே நடைமுறையே வேற. டிவிடியை சிடியோடு கட்டாம, சிங்கிள் வி என்ற பெயரில் எம்.வி.யைத் தனித் தட்டா வித்தாங்க. அதில் முழு எம்.வி.யோடு டான்ஸ் ஷாட் வெர்ஷன், க்ளோஸ்-அப் வெர்ஷன், மேக்கிங் மாதிரிக் கூடுதல் பகுதிகளும் வரும். ஒரே பாட்டின் ஆடும் பகுதியை மட்டும் வெட்டில்லாமப் பார்த்துட்டு, பிறகு பின்னப்பட்ட வடிவத்தைப் பார்த்தா தொகுப்பாளர் எதை எடுத்தார், எதை விட்டார்னு அப்படியே தெரியும்.

எண் குறி: கோட்டோவின் சிடி பி.கே.சி.பி., டிவிடி பி.கே.பி.பி. ஹலோ! ப்ராஜெக்டின் மற்றொரு வெளியீட்டு முத்திரையான ஸெடிமா வெளியீடுன்னா சிடி ஈ.பி.சி.ஈ., டிவிடி ஈ.பி.பி.ஈ. அதே ஸெடிமாவில் ஈ.பி.வி.ஈ. என்றிருந்தா அது வி.எச்.எஸ். நாடா, தவறி வாங்கிடாதீங்க. அந்தக் காலத் தட்டுகளில் அகலப்படத்தை 4:3 சட்டத்துக்குள் கறுப்புப் பட்டையோட அடைச்சிருப்பது உண்டு. அப்படி இருந்தா 480 வரியில் படத்துக்குக் கிடைப்பது 360 வரிதான். முழுத்திரைக்கு இழுக்கும்போது மங்கலாத் தெரிவது அதனால்தான், வட்டு தேய்ஞ்சு போகல.

இன்னும் புதுசா வேணும்னா சுசுகி ஐரி. அவங்க இருந்த ஹலோ! ப்ராஜெக்ட் குழுவான க்யூட் 2017 ஜூன் 12-இல் சைதாமா சூப்பர் அரீனாவில் கலைஞ்ச பிறகு, 2018 ஜூன் 6-இல் முதல் தனி ஆல்பம் "டூ மீ எ ஃபேவர்". ஆடியபடியே பாடுவதில் அவங்களுக்கு நிகர் ரொம்பக் குறைவு, அதனால் ஆடும் பகுதிகளைத் தேடிப் பார்க்கிறது வீண் போகாது.


நிலாமுற்றம்

நோகிசாகா46 என்ற பெண்கள் குழுவின் தனிநபர் பி.வி.க்களையும் (விளம்பர வீடியோக்களையும்) சேர்த்துக்கொள்ளுங்கள். குழுவின் பல சிங்கிள்களுடன் வந்த டிவிடியில் உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு படம், ஒவ்வொன்றையும் வேறு வேறு இயக்குநர் எடுத்திருப்பார். 2012 பிப்ரவரி 22-இல் வந்த முதல் சிங்கிளிலேயே இது தொடங்கியது. தனியாக எதுவும் வெளியிடாத உறுப்பினரையும் தனி முகமாகப் பார்க்க இதுதான் வழி. டைப்-ஏ, பி, சி என்று உறுப்பினர்களைப் பிரித்துப் போட்டிருப்பார்கள். உங்களுக்கு வேண்டியவர் எந்த டைப்பில் இருக்கிறார் என்று உள்ளடக்கப் பட்டியலில் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு எடுங்கள்.


பனிமலர்

பட்டியல் எண்ணை வைத்துத் தேடியதில் தலை சுற்றல் பாதி குறைந்தது. கடைசியாக ஒன்று: பழைய பிரதி வாங்கும்போது ஓபி என்ற காகிதப் பட்டை இல்லையென்றால் பாதகமா?


குறுந்தட்டு

பார்க்கிறதுக்கு ஒண்ணும் பாதகமில்லை, சேகரிப்பாளர்களுக்குத்தான் அந்தப் பட்டை முக்கியம். ஆனா டைப் எது, டிவிடியில் என்ன இருக்குங்கிற விவரம் சில சமயம் அந்தப் பட்டையில் மட்டும்தான் அச்சாகியிருக்கும். பட்டை இல்லாத பிரதின்னா முதுகில், அதாவது உறையின் குறுகிய ஓரத்தில் உள்ள எண்ணைப் படம் பிடிச்சு அனுப்பச் சொல்லுங்க. முன் அட்டை வேண்டாம், முதுகு. உறையில் "மிஹோன்-பான்" முத்திரை இருந்தா அது விளம்பரத்துக்குக் கொடுத்த மாதிரித் தட்டு. அதில் டிவிடி இருக்கான்னு தனியா உறுதி செஞ்ச பிறகு பணம் கட்டுங்க.